முதல் படலம்

பள்ளிப் புத்தகத்தில் உலோகமும் அலோகமும் சேரும் கதை ஒரே வரியில் முடிந்துவிடும். சோடியம் ஒரு எலெக்ட்ரானைக் கொடுக்கும், குளோரின் அதை வாங்கிக்கொள்ளும், உப்பு கிடைக்கும். பெங்களூரு பீன்யாவில் உலை முன்னால் நின்று தலை நரைத்த எனக்கு, அந்த வரி முடிகிற இடத்தில்தான் வேலையே தொடங்குகிறது. சூடான இரும்பின்மேல் ஆக்ஸிஜனோ நைட்ரஜனோ வந்து ஒட்டியதுமே அங்கே ஒரு புதுப் பொருள் படலமாக உண்டாகிவிடும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வோர் அணுவும் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். படலம் வழி விட்டால் வினை தொடரும், விடாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஹீட் ட்ரீட்மெண்ட் என்று நாங்கள் சொல்கிற தொழிலில் பாதி, இந்தப் படலத்தை எப்போது வளர்ப்பது, எப்போது உடைப்பது என்கிற தீர்மானம்தான்.

நான் கோலார் தங்கவயல்காரன். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய குடும்பம். அப்பாவுக்கு மில்லில் வேலை. அங்கே குவார்ட்ஸ் பாறையை மாவாக அரைப்பார்கள். அந்த மாவிலிருந்து தங்கத்தைப் பிரிப்பது பெரும்பாடு, ஏனென்றால் தங்கம் காற்றோடு சேராது, தண்ணீரோடு சேராது, சாதாரண அமிலத்தோடும் சேராது. அதைக் கரைய வைக்க சயனைடு வேண்டும். சயனைடு மட்டும் இருந்தாலும் போதாது, கரைசலுக்குள் காற்றும் ஊத வேண்டும். ஆக்ஸிஜன் கூட நிற்கும்போதுதான் தங்கம் இளகும். கரைந்த தங்கத்தைத் திரும்ப எடுக்கத் துத்தநாகத் தூளைப் போடுவார்கள். துத்தநாகம் கரைசலுக்குள் போகும், தங்கம் வெளியே வரும். மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி ஊரைச் சுற்றிச் சாம்பல் நிற மேடுகள் எழுந்தன. கோடையில் காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். சயனைடு மேட்டுப் பக்கம் போகாதே என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள், மேடுகள் இன்னும் நிற்கின்றன. எதனோடும் சேராத உலோகம் ஒன்று இருந்தால், அதைச் சேரவைக்க மனிதன் எவ்வளவு கடுமையான பொருளைக் கையில் எடுக்கிறான் என்பதைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் ரயில் நிலையமான மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் தினமும் வந்து போகிற கூட்டத்தில் ஒருவனாக 1970களின் இறுதியில் பீன்யாவுக்கு வந்தேன். தும்கூர் ரோட்டின் ஓரம் ஷெட்டுகள் எழுந்துகொண்டிருந்த காலம். எச்.எம்.டி., எச்.ஏ.எல்., பி.இ.எல். ஆகிய பெரிய ஆலைகளுக்குப் பல்சக்கரம், ஷாஃப்ட், புஷ் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் வரிசையாக வந்தன. அவர்கள் கடைந்து கொண்டுவரும் ஜாபைக் கடினமாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை.

நான் முதலில் கற்றது கரிப்பெட்டி. இரும்புப் பெட்டிக்குள் ஜாபை வைத்து, சுற்றிலும் மரக்கரித் துண்டுகளைப் பேரியம் கார்பனேட்டோடு கலந்து நிரப்பி, மூடியின் ஓரத்தைக் களிமண்ணால் பூசி, 900 டிகிரிக்கு மேல் உலையில் வைப்போம். எங்கள் மேஸ்திரி சேலத்துக்காரர். “கரி இரும்புக்குள்ள போகுதுன்னு நினைக்காதடா தம்பி. கரியிலேர்ந்து வர்ற காத்துதான் போகுது” என்பார். அவர் அதை எங்கும் படித்ததில்லை. ஆனால் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பெட்டிக்குள் இருக்கும் கொஞ்சம் ஆக்ஸிஜன் கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்ஸைடாகும். அந்த வாயு இரும்பைத் தொட்ட இடத்தில் கார்பனை இறக்கிவிட்டுத் திரும்பும், மறுபடி கரியிடம் போய்க் கார்பன் ஏற்றிக்கொண்டு வரும். களிமண் பூச்சில் விரிசல் விட்டு வெளிக்காற்று புகுந்தால் கதை தலைகீழாகிவிடும். ஆக்ஸிஜன் மிகுந்து, கார்பன் உள்ளே போவதற்குப் பதிலாக எரிந்து வெளியேறும், ஜாபின் தோல் மெத்தென்றாகிவிடும். அதனால் மூடியைப் பூசுகிற வேலையை மட்டும் மேஸ்திரி யாரிடமும் கொடுக்க மாட்டார்.

இந்த வித்தை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல என்பது பல ஆண்டு கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 1800-இல் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கனன், மதுகிரிப் பக்கம் உருக்கு செய்தவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். சின்னக் களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டையும் ஆவாரங் குச்சியையும் பச்சை இலையையும் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துக் காய்ச்சுவார்களாம். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத்தும் சேலத்துக் கொல்லர்களைப் பற்றி இதையேதான் சொல்கிறார், அங்கேயும் ஆவாரங் குச்சிதான், கூட எருக்கிலை. உலகம் வூட்ஸ் என்று கொண்டாடிய உருக்கு அது. மூடிய பாத்திரம், கார்பன் தரும் பொருள், வெளிக்காற்று புகாத பூச்சு. எங்கள் கரிப்பெட்டியில் இருந்த மூன்றும் அங்கேயும் இருந்தன. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கார்பன் ஏறிய இரும்பு உருகுகிற வரை காய்ச்சினார்கள். புக்கனனைப் படித்தபோது மேஸ்திரி உயிரோடு இல்லையே என்றிருந்தது.

கரிப்பெட்டி மெதுவான வேலை. அவசர ஜாபுக்கு உப்புத்தொட்டி. சோடியம் சயனைடு கலந்த உப்பை உருக்கி, 850 டிகிரியில் ஆரஞ்சாகத் தகிக்கும் தொட்டிக்குள் கம்பியில் கட்டிய ஜாபை இறக்குவோம். சயனைடு என்பது கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்தது, இரும்புக்குள் இரண்டும் போகும். அரை மணி நேரத்தில் மெல்லிய, கண்ணாடி போன்ற கடினத் தோல் வந்துவிடும். ஊரில் எந்தப் பொருளிடமிருந்து விலகியிருக்கச் சொன்னார்களோ, அதனருகிலேயே வந்து நின்றேன். அமிலத் தொட்டியும் சயனைடுத் தொட்டியும் ஒரே கூரையின்கீழ் இருக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் வருகிற வாயு ஆளைக் கொல்லும். நைட்ரைட் உப்பில் டெம்பரிங் செய்கிற தொட்டிக்குள் சயனைடு ஒட்டிய ஜாபைக் கழுவாமல் இறக்கினால் தொட்டியே வெடிக்கும். இந்த இரண்டு விதியையும் எழுதப் படிக்கத் தெரியாத ஹெல்ப்பருக்கும் மனப்பாடம் செய்ய வைத்த பிறகே ஷிஃப்டில் நிறுத்துவோம். இன்று சயனைடு உப்பு வைத்திருக்கும் பட்டறைகள் அருகிவிட்டன. அது போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

ஆக்ஸிஜனின் நல்ல முகத்தையும் அந்த நாட்களில்தான் பார்த்தேன். பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்த, அதாவது குவென்ச் செய்த உருக்கு கண்ணாடிபோல் நொறுங்கும், அதை மீண்டும் இளஞ்சூடாக்கி டெம்பரிங் செய்ய வேண்டும். எங்களிடம் இருந்த மீட்டரை நம்ப முடியாது, மேஸ்திரி நிறத்தை நம்புவார். ஜாபின் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டுச் சூடாக்கினால் 220, 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சள் வரும். பிறகு பழுப்பு, பிறகு ஊதா, 300-ஐ நெருங்கும்போது மயில்கழுத்து நீலம். மஞ்சளில் நிறுத்தினால் வெட்டும் கருவி, நீலத்தில் நிறுத்தினால் ஸ்பிரிங். அது சாயம் அல்ல. இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்த படலம் தடிக்கத் தடிக்க, அதன்மேல் விழும் ஒளி வேறு வேறு நிறமாகத் திரும்புகிறது. மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தடிமனைக் கண்ணாலேயே அளந்தார் அந்த மனிதர்.

இதே ஆக்ஸிஜன் 900 டிகிரியில் எதிரியாகிவிடும். அங்கே மெல்லிய படலம் கிடையாது, கறுப்புப் பொருக்காக உரியும் ஸ்கேல்தான். அதை உடைத்துப் பார்த்தால் மூன்று அடுக்கு. இரும்பை ஒட்டி ஆக்ஸிஜன் குறைந்த ஆக்ஸைடு, நடுவில் காந்தத்தில் ஒட்டும் ஆக்ஸைடு, வெளியே சிவந்த ஆக்ஸைடு. ஒரே இரும்பு, ஒரே ஆக்ஸிஜன். எவ்வளவு ஆக்ஸிஜன் எட்டுகிறது என்பதை வைத்தே மூன்று சேர்மங்கள் பிறக்கின்றன. கட்டடத்து ஈரத்தில் வரும் துரு வேறு வகை. தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அதனால் ஒட்டிக்கொண்டு நிற்காமல் வெடித்து உதிரும், அடியில் புதிய இரும்பு திறந்துகொள்ளும். பழைய வீடுகளின் மொட்டை மாடிக் கான்கிரீட் பிளந்து கம்பி தெரிவது இதனால்தான். அலுமினியமோ தன் ஆக்ஸைடை இறுகப் போர்த்திக்கொண்டு அதோடு நின்றுவிடும். ஆக்ஸிஜனோடு சேர்வதில் இரும்பைவிட அலுமினியத்துக்குத்தான் வேகம் அதிகம். ஆனால் சேர்ந்த பிறகு வருகிற படலத்தின் குணம் வேறு, அந்தக் குணம்தான் உலோகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

உருக்கின் தோலுக்குள் நைட்ரஜனை ஏற்றுகிற நைட்ரைடிங்குக்கு நான் மாறியபோதுதான் இந்தப் பாடம் முழுமையானது. நாம் மூச்சுவிடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பிறகு ஏன் அமோனியா சிலிண்டருக்குப் பணம் கொடுக்கிறோம் என்று புதிதாக வரும் ஐ.டி.ஐ. பையன்கள் எல்லாரும் கேட்பார்கள். நல்ல கேள்வி. காற்றில் உள்ள நைட்ரஜன் இரண்டிரண்டாக இறுகக் கோத்துக்கொண்டு திரிகிறது, 500 டிகிரிச் சூடு அந்தப் பிணைப்பை அவிழ்க்கப் போதாது. அமோனியா அப்படியல்ல. சூடான உருக்கின் மேற்பரப்பைத் தொட்டதும் உடைந்து, நைட்ரஜனைத் தனி அணுவாக விடும். அந்தத் தனி அணு இன்னொரு நைட்ரஜனோடு கோத்துக்கொள்வதற்குள் உருக்குக்குள் நுழைய வேண்டும். தவறவிட்டால் அது மறுபடியும் வெறும் காற்றுதான். எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதைக் கண்ணாடி புரெட்டில் பார்ப்போம். உலையிலிருந்து வரும் வாயுவை அதில் நிரப்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால், உடையாத அமோனியாவைத் தண்ணீர் குடித்துவிடும். மிஞ்சி நிற்கும் வாயு உடைந்த பங்கு. 30 சதவீதத்துக்குள் என்றால் சீராகப் போகிறது என்று அர்த்தம். கசிவு இருக்கிறதா என்று தேட, கந்தகக் குச்சியைப் பற்றவைத்துக் குழாய் ஓரமாகக் கொண்டுபோவோம், கசியும் இடத்தில் வெண்புகை எழும்.

நைட்ரஜன் உள்ளே போனால் மட்டும் போதாது, உள்ளே அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். இ.என். 41 பி என்ற உருக்கில் சுமார் ஒரு சதவீதம் அலுமினியமும் அதற்குச் சற்று மேல் குரோமியமும் கலந்திருக்கும். அவைதான் நைட்ரஜனை அங்கங்கே பிடித்து நுண்ணிய நைட்ரைடுகளாக்கி உருக்கைக் கடினமாக்கும். ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் அடால்ஃப் ஃப்ரை 1920களில் கண்டு சொன்னது இது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த ஷாஃப்டுகளுக்கு நைட்ரைடிங் முடிந்தும் எதிர்பார்த்த கடினம் வரவில்லை. அவர் எங்கள் உலையைக் குறை சொன்னார். கிரைண்டரில் ஒரு மூலையைத் தொட்டுப் பொறியைக் காட்டினேன், அலாய் உருக்கின் பொறியே இல்லை. “சார், இது சாதா இரும்பு. நைட்ரஜன் உள்ளே போயிருக்கு. பிடிச்சு வைக்கத்தான் உள்ளே ஆள் இல்லை” என்றேன். கடைக்காரர் அவருக்கு வேறு கம்பியைக் கொடுத்திருந்தார்.

விலை பேசும்போதும் வேதியியல் குறுக்கே வரும். கால் மி.மீ. ஆழம் வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறதென்றால், அரை மி.மீ.க்கு இரண்டு நாள்தானே என்பார்கள். இல்லை, நான்கு நாள் பக்கம் போகும். உள்ளே போன நைட்ரஜனைத் தாண்டி அடுத்த நைட்ரஜன் இன்னும் நீண்ட வழி நடக்க வேண்டும். ஆழம் இரு மடங்காக நேரம் நான்கு மடங்கு, மூன்று மடங்காக ஒன்பது மடங்கு. கரிப்பெட்டிக்கும் இதே கணக்கு, ஸ்கேல் தடிப்பதற்கும் இதே கணக்கு. இதை விளக்கி, கூடுதல் ஆழம் உண்மையிலேயே தேவையா என்று கேட்டால் பாதிப் பேர் டிராயிங்கைத் திருத்திக்கொண்டு வருவார்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒரு பம்பு ஷாஃப்டை நைட்ரைடிங் செய்தோம், ஒரு பக்கம் உளி போலக் கடினம், அடுத்த அங்குலத்தில் ஃபைல் போட்டால் வழித்துக்கொண்டு வருகிறது. குரோமியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்த கண்ணுக்குத் தெரியாத படலம் அந்த உலோகத்தின் மேல் எப்போதும் இருக்கிறது. துருப் பிடிக்காமல் காப்பது அதுதான், நைட்ரஜனை உள்ளே விடாததும் அதுதான். மணல் வீசித் தேய்த்தாலும் காற்றில் வைத்த மாத்திரத்தில் திரும்ப வளர்ந்துவிடும். உலைக்குள்ளேயே அமோனியம் குளோரைடு வைத்து, அதிலிருந்து வரும் அமில வாயுவால் படலத்தை அரித்துப் பார்த்தோம், ஓரளவு பலன் கிடைத்தது. பிளாஸ்மா உலை வந்த பிறகுதான் நிம்மதி. வெற்றிடத்துக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, ஹைட்ரஜன், நைட்ரஜன் அயனிகளால் மேற்பரப்பையே கொத்திச் சுத்தம் செய்துவிட்டு, கதவைத் திறக்காமல் அங்கேயே நைட்ரஜனை ஏற்றலாம். பார்வைத் துளை வழியாகப் பார்த்தால் ஜாபைச் சுற்றி ஊதா ஒளி தெரியும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு, இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். 500 டிகிரிக்கு மேல் நைட்ரைடிங் செய்தால் குரோமியம் நைட்ரஜனோடு சேர்ந்து தீர்ந்துபோகும், ஆக்ஸிஜனோடு சேரக் குரோமியம் மிஞ்சாது. கடினம் வரும், ஆனால் ஸ்டெயின்லெஸ் துருப் பிடிக்கும். இரண்டும் வேண்டுமென்றால் 450-க்குக் கீழே நீண்ட நேரம் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் குரோமியத்தால் இடம் பெயர முடியாது, சிறிய நைட்ரஜனால் முடியும்.

கடற்காற்றில் இருக்கும் குளோரைடு இதே படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். பெங்களூரில் மாதக்கணக்கில் மின்னிய ஜாப் சென்னைக்குப் போய்ச் சில நாளில் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சாதா உருக்கில் இன்னும் மோசம், பேக்கிங் செய்த பையனின் விரல் ரேகை அப்படியே துருவாக எழுந்து நிற்கும், வியர்வையின் உப்பு செய்த வேலை. அதனால் துணிக் கையுறையும் எண்ணெய்ப் பூச்சும் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று சட்டம் வைத்தோம்.

பக்கத்து ஷெட்டில் அனோடைசிங். அலுமினியத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாகத் தொங்கவிட்டு, அதன் இயல்பான மெல்லிய ஆக்ஸைடைப் பல மைக்ரான் தடிமனுக்கு வளர்ப்பார்கள். படலத்தில் ஏறக்குறைய பாதி உள்ளே தின்றும் பாதி வெளியே எழும்பியும் வளரும். 50 மைக்ரான் கடின அனோடைசிங் கேட்டால், ஒவ்வொரு பக்கமும் 25 மைக்ரான் பருக்கும் என்று கடைசலிலேயே இடம் விட வேண்டும். மரைகளில் இதை மறந்து, நட்டு ஏறாத பாகங்கள் எத்தனையோ திரும்பி வந்திருக்கின்றன.

பிறகு தங்க நிறத்து டிரில் பிட்டுகள் வந்தன. வெற்றிட அறைக்குள் டைட்டேனியத்தை மின்வில்லால் ஆவியாக்கி, நைட்ரஜனை அளந்து விட்டால், கருவியின் மேல் 2, 3 மைக்ரான் டைட்டேனியம் நைட்ரைடு படியும். அடியில் இருக்கும் உருக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினம். பிளாஸ்மாவின் மின்சாரம் நைட்ரஜனின் பிணைப்பை அவிழ்த்துவிடுவதால் இங்கே வெறும் நைட்ரஜனே போதும், அமோனியா தேவையில்லை. நைட்ரஜன் குறைந்தால் நிறம் வெளிறும், கூடினால் செம்பழுப்பு ஏறும். விகிதம் சரியாக அமைந்தால் அசல் தங்க நிறம். லிஃப்ட் கதவுகளிலும் ஓட்டல் தூண்களிலும் மின்னும் பொன்னிறத் தகடுகளில் பல, இந்த டைட்டேனியம் நைட்ரைடுதான். தங்கவயலில் பிறந்தவனுக்கு அந்த அறையின் கதவைத் திறந்த முதல் நாள் பேச்சு வரவில்லை. டைட்டேனியத்துக்கு ஆக்ஸிஜன் மேல் இருக்கும் ஈர்ப்பு மட்டும் எங்களை நிம்மதியாக விடாது. விமானப் பாகத்தைக் காற்றில் சூடாக்கினால் ஆக்ஸிஜன் மேலே படலமாவதோடு உள்ளேயும் கரைந்து, தோலை நொறுங்கும்படி ஆக்கிவிடும். அதனால் அந்த வேலை முழுதும் வெற்றிட உலையில்தான்.

2014-இல் மெட்ரோ பீன்யா வரைக்கும் வந்துவிட்டது. பழைய ஷெட்டுகளில் பல இன்று கிடங்குகள். ஆனால் நாங்கள் செய்த சேர்மங்கள் எல்லாம் ஜாபோடு வெளியே போய்விடவில்லை. பீன்யாவின் நிலத்தடி நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த வகைக் குரோமியம் முலாம் தொட்டிகளில் இருப்பது. ஸ்டெயின்லெஸ்ஸின் மேல் மூன்று இணைதிறனோடு ஆக்ஸிஜனுடன் சேர்ந்து காவல் நிற்கிற அதே குரோமியம், ஆறாக மாறித் தண்ணீரில் கரைந்தால் புற்றுநோய் தரும் நஞ்சு. பக்கத்துக் கிராமங்களாக இருந்து இப்போது நகரமாகிவிட்ட இடங்களில், ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிய குடும்பங்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இந்தத் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இது ஆறாத வேதனை.

செய்ய வேண்டியது கடினமான வேதியியல் அல்ல. கழிவை அமிலமாக்கி சோடியம் பைசல்ஃபைட் சேர்த்தால் ஆறு மூன்றாக இறங்கும், மஞ்சள் போய்ப் பச்சை வரும். பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் ஹைட்ராக்ஸைடாக அடியில் படியும், அதை வடிகட்டி உரிய இடத்துக்கு அனுப்பலாம். சயனைடுக் கழிவுக்குக் காரமும் ஹைப்போகுளோரைட்டும். குரோமியத்துக்கு அமிலம், சயனைடுக்குக் காரம், ஆகவே இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய். புதிதாக ஷெட் போடும் பையன்கள் யோசனை கேட்டு வந்தால், உலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் தரை வரைபடத்தை விரிக்கச் சொல்லி, அந்த இரண்டு குழாய்களும் எங்கே ஓடுகின்றன என்று விரல் வைத்துக் காட்டச் சொல்கிறேன்.